தொண்ணூற்றொன்பது சதவீதக் காப்பி

“காப்பி அடிச்சதை ஒத்துக்கிட்டா ஒரு வருசத் தடையோட விட்டுடறோம். இல்லேன்னா படிப்பை விட்டே நீக்கிடுவோம். எது வசதி?” என்று கேட்டார் டாக்டர் அருணா.

ராமப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பர்கூரில் கிரானைட் கல்லுக்குப் பாலீஷ் போட்டுவிட்டு நேராக பஸ் ஏறி ஓசூருக்கு வந்தவர். காலரில் கல் மாவு இன்னும் அப்பியிருந்தது.

அந்தத் தனியார் பல்கலைக்கழகம் நடத்தும் ஆறு மாதத் தெருக்கூத்துச் சான்றிதழ் படிப்புக்கு அருணாதான் இயக்குநர். பாடமெல்லாம் செல்போனில். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, தானே ஆடிப் படமெடுத்து அனுப்பினால் கம்ப்யூட்டர் மார்க் போட்டுவிடும்.

“நீங்களே பாருங்க” என்று சாஃப்ட்வேர் பொறுப்பாளர் சிவராஜ் லேப்டாப்பைத் திருப்பினான்.

திரையில் இடப்பக்கம் பாட வீடியோ. தலையில் கிரீடம், தோளில் மரப் புஜக்கட்டைகள், முகம் முழுக்கச் சிவப்பு அரிதாரம் என்று துரியோதனன் நின்றான். வலப்பக்கம் பனியனும் லுங்கியுமாக, வீட்டு மொட்டை மாடியில் ராமப்பன். இரண்டு பேரும் ஒரே நொடியில் காலைத் தூக்கினார்கள், ஒரே நொடியில் சுழன்றார்கள்.

“தொண்ணூத்தொன்பது சதவீதம் ஒத்துப்போகுது. நாப்பதைத் தாண்டினாலே எங்க சாஃப்ட்வேர் காப்பின்னு சொல்லிடும்.”

“பாத்து அதே மாதிரி ஆடுறதுதானுங்க பாடம்?”

“பாத்துக் கத்துக்கணும். காப்பி அடிக்கக் கூடாது” என்றார் அருணா. “மத்த முந்நூறு பேர்ல ஒருத்தர்கூட இருபது சதவீதம் தாண்டலை. அதுக்குப் பேர்தான் சொந்தத் திறமை.”

“மேடம், அது வந்துங்க...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தப் படிப்பு உங்களுக்கு எதுக்கு?”

“குருபரப்பள்ளிகிட்ட ஒரு பள்ளிக்கூடத்துல கூத்துச் சொல்லிக்குடுக்க ஆள் எடுக்குறாங்க. சர்டிபிகேட் இல்லாதவங்களைச் சேக்க மாட்டாங்களாம். கல்லுத் தூசி நெஞ்சுல ஏறிடுச்சுங்க. ராத்திரியெல்லாம் இருமல். இந்த வேலையாவது கெடைச்சா...”

“அதுக்காக ஏமாத்துவீங்களா?” சிவராஜ் வேறொரு பக்கத்தைத் திறந்தான். “மேடம், இவர் பாட வீடியோவை ஒரு நிமிசம்கூடப் பாக்கலை. பூஜ்யம்! பாக்காத ஆள் எப்படி அப்படியே ஆட முடியும்? ஒரிஜினலை டவுன்லோட் பண்ணி, தன் மூஞ்சியை ஒட்டியிருக்கார்.”

“ஏன் பாக்கலை?” என்றார் அருணா.

ராமப்பன் தலை குனிந்துகொண்டார். “பாக்கக் கூச்சமா இருந்துச்சுங்க.”

“துரியோதனனைப் பாக்கக் கூச்சமா? சரி, இங்கேயே ஆடுங்க. உண்மை தெரிஞ்சுடும்.”

நாற்காலிகளை நகர்த்தினார்கள். சிவராஜ் கேமராவைப் போட்டான். ராமப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், செருப்பைக் கழற்றினார், ஒரு தரம் நன்றாக இருமி முடித்தார்.

அப்புறம் குரலெடுத்தார். ஏசி அறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அடுத்த அறைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சபைக்குள் நுழையும் துரியோதனன் மேசையைச் சுற்றி மூன்று சுற்று சுழன்று, டாக்டர் அருணாவுக்கு எதிரே மீசையை முறுக்கி நின்றான். அருணா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

லேப்டாப் கூவியது.

“மேடம், மறுபடியும் தொண்ணூத்தொன்பது!” சிவராஜ் கத்தினான். “இந்த ஆளு நேர்லயே காப்பி அடிக்கிறார்!”

அருணா சுதாரித்துக்கொண்டு உட்கார்ந்தார். “உங்களுதுன்னு ஒரு அசைவாவது இருக்கா ராமப்பன்? கை அவரோடது, கால் அவரோடது, குரல்கூட அவரோடது. அதுக்காக அந்தக் கலைஞர் எத்தனை வருசம் பாடுபட்டிருப்பார்! அவர் பேர் என்ன சிவராஜ்?”

சிவராஜ் திரையை மேலும் கீழும் உருட்டினான். “கலைஞர்-ஒன்றுன்னு போட்டிருக்கு மேடம். ஷூட்டிங்கை வெளிக் கம்பெனிதானே எடுத்துக் குடுத்தாங்க.”

“பரவாயில்லை, பேரா முக்கியம்? கலைதான் முக்கியம்.” அருணா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்திவைத்தார். “அந்தப் பெரிய மனுசருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. அவர் மனசு இறங்கி மன்னிச்சா, தடையைப் பத்தி யோசிக்கிறோம்.”

ராமப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை.

“அவரு மன்னிச்சிட்டாருன்னே வெச்சுக்குங்க மேடம். அந்த வேசத்துக்குள்ள இருக்கறது நாந்தானுங்க.”