மியூராவின் இமைமயிர்

கண்ணாடிக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தார். வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய், பல் மருத்துவரின் இரண்டு விரல்கள்.

பேச்செல்லாம் மருத்துவருடையதுதான். வாய் மூடியிருக்கிற ஆளிடம் அவர் காரைப் பற்றிப் பேச்செடுக்கவே மாட்டார்.

எதிர்ச்சுவரில் இரண்டு படங்கள். இரண்டும் இத்தாலிக்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒன்று அறுபதுகளில் வந்த லம்போர்கினி மியூரா. மற்றது எண்பதுகளில் வந்த ஃபெராரி டெஸ்டரோசா.

டெஸ்டரோசாவின் பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக ஓடுகிறதே, அந்த ஒழுங்குக்கு முன்னால் மியூரா, குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்த ஆள் மாதிரி இருக்கிறது என்றார் மருத்துவர்.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மியூராவின் முன்விளக்கைச் சுற்றிக் கறுப்புக் கம்பிகளாக இமைமயிர் இருக்கிறது. கண் வைத்துப் பிறந்த கார். டெஸ்டரோசாவோ பகல் முழுக்க விளக்குகளை மூடிக்கொண்டு தூங்குமூஞ்சியாக நிற்கும்.

இவ்வளவையும் சேர்த்து அவர் "ஆ" என்றார்.

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிறீங்க," என்றார் மருத்துவர்.

கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். ஆட்டினால் ஊசி இடம் மாறிக் குத்தும் என்று அதட்டல் வந்தது. காலை உதைத்தார். வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி விழுந்தது. விரலை நீட்டி மியூராவைக் காட்டினார். நர்ஸ் ஃபேனின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

பல் கழன்று கிண்ணத்தில் விழுந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வாரம் முழுக்கக் கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாதம். மரத்துப்போன நாக்கில் அது "மியுவா" என்று மட்டும் வந்தது. கூடவே எச்சிலும்.

மருத்துவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தோற்றதை ஒத்துக்கொள்ளவும் பெரிய மனசு வேண்டும் என்றார்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தவர், அதை உதறிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறந்து கீழ்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

மருத்துவர் கம்பியால் தட்டிப் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது. கடைக்காரர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

மருத்துவர் சுவரிலிருந்த மியூராவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"எடுத்துடணும்," என்றார் மருத்துவர், ரொம்ப மென்மையாக. "வியாழக்கிழமை வாங்க. இஞ்சினப் பத்தி நாம இன்னும் பேசவே இல்ல."

வெளியே கடைக்காரரின் மனைவி காத்திருந்தாள். மேல்வரிசை முழுதும் தீர்ந்த அன்றைக்கே அவள் ஒரு நல்ல மிக்ஸியாகப் பார்த்து வாங்கிவிட்டாள்.