மணலால் மூடியவள்

விடியற்காலையில் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்த ஆமைக்குஞ்சு, சுற்றுமுற்றும் அம்மாவைத் தேடியது.

பக்கத்து வளையிலிருந்த நண்டு சிரித்தது. "உங்க அம்மாவை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. ஆனா இவ்வளவு ஆழமா குழி தோண்டி, எங்களை வச்சு, மணலைப் போட்டு மூடினது யாரு? தானாவா நடந்திருக்கும்?"

"காத்து மூடியிருக்கும். சரி, அம்மா இருந்தான்னே வச்சுக்குவோம். பாசம் இருக்கிறவ பிள்ளைங்களை இப்படி விட்டுட்டுப் போவாளா?"

குஞ்சு அலைச்சத்தம் வந்த திசையில் நடந்து கடலில் இறங்கியது.

எதிர்ப்பட்ட பெரிய ஆமைகளிடமெல்லாம், "நீங்கதான் என் அம்மாவா?" என்று கேட்டது. ஒவ்வொன்றும் விலகிப் போனது. ஒருத்தி மட்டும் நின்றாள்.

"தெரியலையே கண்ணு. நானும் இந்தக் கரையிலதான் முட்டை வச்சேன். என் பிள்ளைங்க முகம் எனக்குத் தெரியாது."

"அப்போ ஏன் அங்கேயே இருக்கல?"

"கரையில என்னால ரொம்ப நேரம் உயிரோட இருக்க முடியாதும்மா. மூடிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

நீரோட்டம் இருவரையும் பிரிக்கும்வரை குஞ்சு அவள் நிழலிலேயே நீந்திக்கொண்டிருந்தது.