உடைந்தால் எப்படி உடையும்

விற்பனையாளர் கிளாஸை இடுப்பு உயரத்தில் பிடித்து, விரல்களை விரித்தார்.

அது தரையில் விழுந்து, ஒருமுறை துள்ளி, உருண்டுபோய்ப் புதுப்பெண்ணின் செருப்பில் முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

புதுப்பெண் கைதட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் கைதட்டத் தோன்றும் காலம். சனிக்கிழமை கணவனின் நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். ஒயின் கிளாஸ் ஒரு செட் வேண்டும். சீக்கிரம் உடையக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது. துணைக்குக் கணவனின் தங்கையை அழைத்து வந்திருந்தாள். வீட்டில் அவளைச் சின்னு என்பார்கள்.

சின்னு கைதட்டவில்லை. குனிந்து கிளாஸை எடுத்து, விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள்.

"கீழ விழுந்தா உடையாது, சரி. சுவத்துல பட்டா?"

சுடுதண்ணீர் தாங்குமா என்று கேட்பார்கள். கறை பிடிக்குமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி விற்பனையாளருக்குப் புதிது.

"சுவத்துல போய் யாரும்மா கிளாஸ வைக்கப்போறாங்க?" என்று சிரித்தார்.

"சும்மா கேட்டேன். உடைஞ்சா எப்படி உடையும்?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. இது சூடேற்றி இறுக்கிய கண்ணாடி. உடைந்தால் கல் உப்பு மாதிரி உதிருமே தவிர, கத்தி மாதிரி நீளாது. காம்பு கிடையாது, அதனால் முறிந்து கூராக நிற்பதற்கும் ஒன்றுமில்லை.

"இதையே குடுங்க."

புதுப்பெண் அதற்குள் அடுத்த அலமாரிக்குப் போயிருந்தாள். அங்கே நீண்ட காம்பு வைத்த மெல்லிய கிரிஸ்டல் கிளாஸ்கள், தள்ளுபடி அட்டையோடு. ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினாள். அந்த ஓசை கடை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"இதப் பாரு சின்னு, கிட்டத்தட்ட அதே விலைதான். இத விட்டுட்டு அந்தக் குண்டு டம்ளரா?"

"அது நாள்பட வரும் அண்ணி."

"உங்க குடும்பத்துக்கே உடையற சாமான்னா ஆகாதுடி. தட்டு பிளாஸ்டிக்கு, ஜாடி ஸ்டீலு, எங்க கல்யாண போட்டோவுக்குக்கூட கண்ணாடி போடாம பிளாஸ்டிக் தகடு. அந்த வீட்டுல மருந்துக்குக்கூட ஒரு கண்ணாடிச் சாமான் கெடையாது. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

விற்பனையாளரும் சேர்ந்து சிரித்தார்.

"அம்மாவுக்குக் கை நடுங்கும்" என்றாள் சின்னு.

முந்தின நாள்தான் மாமியார் மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் ஊசியில் நூல் கோத்ததைப் புதுப்பெண் பார்த்திருந்தாள். அது இப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

சின்னுவின் போன் அடித்தது. அம்மா. நாலடி தள்ளிப்போய் எடுத்தாள். மறுமுனையில் நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"காம்பு இல்லாததுதானே எடுத்தீங்க?"

"ஆமாம்மா" என்று சொல்லி வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பில் போடும் இடத்தில் இரண்டு பைகள் இருந்தன.

"ஒண்ணு உன் டம்ளரு. இன்னொண்ணு கிரிஸ்டல். உங்க அண்ணனுக்கு சர்ப்ரைஸ்." புதுப்பெண் குரலைத் தாழ்த்தினாள். "போய் உளறிக்கொட்டாத."

சின்னு எதையோ சொல்ல வாயெடுத்தாள். புதுப்பெண் காத்திருந்தாள்.

"ரெண்டையும் நானே தூக்கிட்டு வர்றேன் அண்ணி" என்றாள் சின்னு.

கடைக்கு வெளியே சிமெண்டுப் படிகள். புதுப்பெண் முன்னால் இறங்கினாள். சின்னு மேல் படியில் நின்று, கிரிஸ்டல் பையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, விற்பனையாளர் செய்தது போலவே விரல்களை விரித்தாள்.

இது துள்ளவில்லை.

"அய்யய்யோ!" புதுப்பெண் ஓடிவந்து குனிந்தாள். பை கிழிந்து, உள்ளிருந்த அட்டைப்பெட்டி திறந்து, துண்டுகள் படியெல்லாம் சிதறிக் கிடந்தன.

"தொடாதீங்க!"

சின்னு அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். பிறகு தானே உட்கார்ந்தாள். காம்புகளை முதலில் பொறுக்கி, கூர்முனை எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். கைக்குட்டையில் தண்ணீர் தெளித்து, பொடியின் மேல் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கடைசியில் கன்னம் படியில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் மின்னும் சில்லுகளைத் தேடினாள். துடைப்பத்தோடு வந்த விற்பனையாளர் அப்படியே நின்றுவிட்டார்.

"சின்னப் புள்ளைங்க மாதிரி கீழ போட்டுட்டு, பொறுக்கறதுல மட்டும் என்னா கெட்டிக்காரி!" புதுப்பெண்ணுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"வீட்டுலதான்."

சொன்ன பிறகுதான் சின்னுவின் கை நின்றது.

புதுப்பெண்ணின் உதட்டில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவள் ஸ்டீல் ஜாடியை நினைத்திருக்கலாம். கல்யாண போட்டோவின் பிளாஸ்டிக் தகட்டை நினைத்திருக்கலாம். ஊசியில் நூல் கோத்த கையை நினைத்திருக்கலாம்.

"சுவத்துல..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. வெளியே எடுத்தாள். திரையில் கணவன், கல்யாண மாலையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

சின்னு ஈரக் கைக்குட்டையை மடித்துவிட்டு எழுந்தாள்.

"எடுத்துடுங்க அண்ணி. ரொம்ப நேரம் விடாதீங்க."

பிறகு, இன்னும் மெதுவாக:

"சிரிச்சுக்கிட்டே பேசுங்க."