வாராத தலை

"உண்மையைச் சொல்லிடுடி. தலை வாரினியா?"

தாய்லாந்தின் சுரின் நகர மருத்துவமனையின் தாழ்வாரத்தில், எல்லோர் காதிலும் விழும்படிதான் நுவான் தன் மருமகளைக் கேட்டாள்.

"இல்லை அத்தை. நீங்களே பாருங்க."

பிம்பா குனிந்து காட்டினாள். காகம் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட கூடுபோல் இருந்தது கூந்தல். அவள் கணவன் புன்சோங் யானைத் திருவிழாவுக்குக் கிளம்பிய நாளிலிருந்து அதில் சீப்பு பட்டதில்லை.

"அப்போ வீட்டைக் கூட்டியிருப்பே."

"கூட்டலை. கோழி எச்சம் வாசப்படி வரைக்கும் கிடக்கு. காலையில நீங்கதானே அதுல வழுக்கினீங்க?"

நுவான் இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

அவர்களுடைய குய் இன மக்கள் காட்டு யானை பிடிப்பதை விட்டு ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. வீட்டில் இருப்பவளுக்கான விதிகளை மட்டும் எவரும் விடவில்லை. யானையேறிப் போனவன் வீடு திரும்பும்வரை அவனுடையவள் தலை வாரக்கூடாது, வீடு கூட்டக்கூடாது. மீறினால் ஆபத்து அவன் உயிருக்கு. புன்சோங்குக்கோ மாதத்தில் பாதி நாள் நகரத்தில்தான் யானை வேலை. அந்தப் பாதி மாதமும் பிம்பா பரட்டைத் தலையோடு குழாயடிக்குப் போவாள். "பேய் வந்துடுச்சு, வழி விடுங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

இன்று காலை மைதானத்தில், போர்க் காட்சியின் நடுவே வெடித்த வெடிக்கு யானை மிரண்டு சுழன்றது. புன்சோங் அதன் முன்காலடியில் விழுந்தான்.

"நேத்து யானைங்களுக்கு வச்ச விருந்துல அது பாட்டுக்குத் தர்பூசணி தின்னுக்கிட்டு நின்னுச்சு. இன்னிக்கு மிரளுதுன்னா என்ன அர்த்தம்? யானை பிடிக்கிற கயித்துல குடியிருக்கிற சாமிக்குக் கோபம். அவனைச் சேர்ந்தவ எவளோ விதியை மீறியிருக்கா. எவளோ என்ன எவளோ, நீ ஒருத்திதானே இருக்கே!"

"சத்தியமா மீறலை அத்தை."

"அவனுக்கு ஏதாவது ஆச்சு, ஊருக்குள்ள உன்னைக் கால் வைக்க விடமாட்டேன்."

அறுவை அறையின் கதவு திறந்தது. செவிலி தலையை நீட்டினாள். "உயிர் இருக்கு. இன்னிக்கு ராத்திரியைத் தாண்டிட்டா பயமில்லை."

கதவு மூடியது. நுவான் மருமகளின் மணிக்கட்டைப் பற்றினாள். அதட்டல் போய்க் குரல் கெஞ்சியது.

"கேட்டியா? அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த முடியில கை வச்சிடாதே தாயி. அவன் உயிர் இப்போ அதுலதான் இருக்கு."

பிம்பா தலையசைத்தாள்.

அப்போது படிக்கட்டில் ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். விழாவுக்கென்று உடுத்திய புதுப் பட்டு. எண்ணெய் மின்னும் கூந்தலில் கோடு கிழித்தாற்போல் வகிடு, ஒரு சரம் மல்லிகை. அழுத முகத்தோடு நேராக வந்து நுவானின் காலடியில் விழுந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா! தப்பு என்மேலதான். இத்தனை வருஷமா அவருக்காக ஒழுங்கா இருந்தேன். திருவிழாவாச்சேன்னு இன்னிக்குக் காலையில தலை வாரிட்டேன்!"

பிம்பாவின் மணிக்கட்டிலிருந்து நுவானின் கை நழுவியது. தொலைவில் மைதானத்து ஒலிபெருக்கி யாரையோ பாராட்டிக்கொண்டிருந்தது.

பிம்பா குனிந்து, அவள் தோளைத் தொட்டு மெல்ல எழுப்பினாள்.

"சீப்பு வச்சிருக்கியா?" என்றாள். "குடு."