காதுக்காரர் சொன்னா சரி

"முதல்ல அந்த ஃபேனை நிறுத்து. விர்ருனு காதைக் குடையுது."

மனைவி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். காதுக்காரர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஸ்டூல் மேல் இருந்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்களுக்கு முன்னால் விரலை ஆட்டி ஆட்டிப் பாட்டுக் கேட்டார்.

காதுக்காரர் என்று பேர் வைத்தது அவருடைய வீடியோவைப் பார்க்கிற ஜனங்கள். மலிவு விலை ஸ்பீக்கர்களில் எது தேறும், எது தேறாது என்று போட்டு உடைப்பதுதான் அவர் வேலை. "காதுக்காரர் சொல்லிட்டாரா? அப்போ கண்ணை மூடிட்டு வாங்கு" என்பார்கள்.

"நடுவுல வந்து உட்காரேன். அப்போதானே ரெண்டு பக்கச் சத்தமும் ஒண்ணா சேரும்?"

"எனக்கு இங்கேயே சௌகரியமா இருக்குங்க" என்றாள், அவருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டிருந்தவள்.

பாட்டு முடிந்தது. பரீட்சை வைக்கிற வாத்தியார் கணக்காகப் புருவத்தை உயர்த்தினார். "ம்... எங்கே, நீ சொல்லு பார்க்கலாம்."

"குரல் தெளிவா இருக்குங்க. கொடுக்கற காசுக்கு மோசமில்ல."

"அதேதான் நானும் நினைச்சேன்." சொல்லும்போதே கூச்சம் அவரைப் பிடுங்கித் தின்றது.

நினைத்தாராம், நினைத்து! ஃபேன் சத்தம் அவர் காதில் விழுந்தே இரண்டு வருஷமாயிற்று. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் பேச்சு விழும். பாட்டு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி என்னவோ முனகும்.

காது கேட்கிற மெஷினை மாட்டிக்கொண்டு வீடியோவில் வந்து நின்றால் எவன் நம்புவான்? அதனால் பெண்டாட்டியின் காதை அவளுக்கே தெரியாமல் இரவல் வாங்கிப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

"பெல் அடிக்குது பாருங்க. ஸ்பீக்கர் யோசனையில இறங்கிட்டா உங்களுக்கு இடி விழுந்தாலும் தெரியாது." சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவர் ஒரு தச்சர். கதவு, ஜன்னல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டு ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "போன மாசம் கேட்டுப் பார்க்கக் கொடுத்த ஸ்பீக்கர் ஜோடியை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் சார்."

காதுக்காரர் உள்ளே போய் அந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துவந்து வைத்தார். போன மாசம் தச்சருடைய இந்தப் பெட்டிகளைத்தான் 'தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கு, காசைக் கரியாக்காதீங்க' என்று கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அன்றைக்கென்று கடைவாய்ப்பல் வலி உயிரை எடுக்க, மூஞ்சி கோணிப்போயிருந்தது. டாக்டரிடம் ஓடுகிற அவசரத்தில் பாதிப் பாட்டைத்தான் ஓடவிட்டார். மனைவி "நல்லாவே இல்லீங்க" என்றாள், இவரும் மைக்கைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?" வாய் சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தது.

"பட்டறையை மூடியாச்சு சார். கடைக்காரங்க மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நாளையிலேர்ந்து பழையபடி கூலிக்குக் கதவு இழைக்கப் போறேன்."

"அடடா..."

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல சார். என் காதுக்கு நல்லாதான் கேட்டுச்சு. உங்க காதே வேண்டாம்னு சொன்னப்புறம், என் காதை நம்பிப் பட்டறை போட்டது என் தப்புதானே?"

ஒரு கைக்கு ஒன்றாகப் பெட்டிகளை இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாலு வார்த்தை கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருக்கலாம். இப்படிக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசிவிட்டுப் போகிறாரே, பாவி மனுஷன்!

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. கடைசியில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டறதுன்னா திட்டு. எனக்குக் காது கேட்கறதில்ல."

"விளையாடாதீங்க."

"சத்தியமா. ரெண்டு வருஷமாச்சு. கண்ணை மூடறது, தலையை ஆட்டறது, ஃபேனை நிறுத்தச் சொல்றது, எல்லாம் வேஷம். நீ நல்லாயிருக்குன்னு சொன்னா நானும் நல்லாயிருக்குன்னு சொல்லுவேன். உன் காதைத் திருடித்தான் இத்தனை நாளும் பேர் வாங்கினேன்."

அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊரை ஏமாத்தினேன், உன்னையும் ஏமாத்தினேன், ஒத்துக்கறேன். ஆனா அந்த மனுஷன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போடலன்னு மட்டும் சொல்லிடு. உன் காது நல்ல காது. அந்தப் பெட்டி நிஜமாவே மோசம்தானே? அந்த ஒரு நிம்மதி போதும் எனக்கு."



"ஐயோ, அன்னைக்கு நான் உங்க மூஞ்சியைப் பார்த்துதானேங்க சொன்னேன்!"