ஆற்றுக்காரி

"அக்கா, உள்ள வாங்க. வாசல்லயே நிக்காதீங்க. இந்த அநியாயத்தைக் கொஞ்சம் பாருங்க!"

டாயாங் ஒரு கையில் கைப்பேசியை ஏந்தி, மறு கையால் சாபியாவை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

சாபியா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்கரையில் தனியாக இருக்கிறாள். வியாழக்கிழமை தவறாமல் படகேறி இந்தக் கம்பத்துக்கு, இந்தச் சின்ன மலாய்க் கிராமத்துக்கு வந்து, டாயாங் சுடும் அடுக்குக் கேக்கில் அரைக் கேக் வாங்கிப் போவாள். டாயாங் வீட்டிலேயே கேக் சுட்டு விற்க ஆரம்பித்தபோது வந்த முதல் நாலைந்து வாடிக்கையாளர்களில் ஒருத்தி.

"என்னம்மா, ஓவன் ஆறிக் கிடக்கு?"

"ஆர்டர் இருந்தாத்தானே சூடாகும்? நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. பெருநாள் ஆர்டரெல்லாம் குவியுற நேரம். இந்த வாரம் மட்டும் நாலு பேர் வேண்டாம்னுட்டாங்க. எல்லாம் இவளாலதான்!"

"எவளால?"

"பேர் போட்டாத்தானே தெரியும்? 'ஆற்றுக்காரி'ன்னு வெச்சுக்கிட்டு என் ஃபேஸ்புக் பக்கத்துல வந்து வந்து எழுதுறா. இந்தாங்க, படிங்க."

"கண்ணாடி போட்டாலும் எனக்கு இந்தப் பொடி எழுத்து பிடிபடாது. நீயே படி."

டாயாங் மூச்சை இழுத்துக்கொண்டு படித்தாள். "'அடுக்கெல்லாம் கோணல். வெண்ணெய்னு சொல்லி மார்ஜரின் போடுறாங்க.' மார்ஜரினாம்! ஒவ்வொரு அடுக்கா ஊத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஓவன் முன்னாடியே நின்னு வேகுறேன். என்னைப் பார்த்து மார்ஜரின்! இதைக் கேளுங்க. 'சமையலறை ஜன்னல்ல பூனை படுத்துக் கிடக்கு.'"

"பூனை படுக்கிறது உண்மைதானே?"

"அதான் விஷயமே! ஜன்னல் வீட்டுக்குப் பின்பக்கம். ரோட்டுல போறவளுக்கு எப்படித் தெரியும்? இங்க வந்து போறவதான் யாரோ."

சாபியா, டாயாங் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். பிஸ்கட்டை நனைத்து மெதுவாகக் கடித்தாள்.

"மக எப்படி இருக்கா? மீரியில படிப்பு இன்னும் முடியலையா?"

"இருக்கா, நல்லா இருக்கா. அக்கா, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்குறீங்க! அவ ஹாஸ்டலுக்குப் பணம் அனுப்புறதே இந்த ஓவனாலதான். அது தெரிஞ்சேதான் வயித்துல அடிக்கிறா."

"யாரைச் சொல்றே?"

டாயாங் குரலைத் தாழ்த்தினாள். "மூணாவது வீட்டு ரொசீத்தா. அவளும் போன வருஷத்திலிருந்து கேக் சுடுறாளே. இங்க வந்தப்போ அந்த ஜன்னலைத்தான் பார்த்துட்டே நின்னா. நேத்து என்னைப் பார்த்துச் சிரிச்சா, அக்கா. காரணமே இல்லாம!"

"பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கக் கூடாதா? அவளா இருக்காதும்மா."

"உங்களுக்கு எல்லாருமே நல்லவங்க. என்கிட்ட வேண்டாம்னு சொன்ன நாலு பேர்ல ரெண்டு பேர் இப்போ அவகிட்டதான் சொல்லியிருக்காங்க. அப்புறம் வேற யாரு?"

சாபியா காலிக் கோப்பையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து. கோபத்தோட எங்கேயும் போகாதே. உட்காரு, பேசிட்டிருப்போம்."

"பேசி என்ன ஆகப் போகுது? இன்னைக்கு அவ முகத்துக்கு நேரா கேக்காம விடமாட்டேன்." டாயாங் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். "அக்கா, நீங்க இருங்க. குடிச்சு முடிங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்."

"டாயாங், கொஞ்சம் நில்லேன். நான் சொல்றதை..."

டாயாங் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

ரொசீத்தா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பெரிய சட்டியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு.

"எழுதுறதையும் எழுதிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி பிசையுறியா?"

"எதை எழுதினேன்?"

"ஆற்றுக்காரி!"

"அந்தக் கழுதையா? நானும்தான் படிச்சேன். பாவம்னு நினைச்சு நேத்து உன்னைப் பார்த்துச் சிரிச்சேன். நீ முகத்தைத் திருப்பிட்டுப் போனே."

"நடிக்காதே! என் ஆளுங்க ரெண்டு பேர் உன்கிட்ட எப்படி வந்தாங்க?"

"வந்தவங்களைத் திருப்பி அனுப்பவா முடியும்? அல்லா மேல ஆணையா நான் எழுதல டாயாங்."

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொசீத்தாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் டாயாங்குக்கு மனம் இளகவில்லை. "மாட்டிக்கிட்டா எல்லாரும் அழத்தான் செய்வாங்க. கம்பத்துத் தலைவர்கிட்ட வந்து இந்த ஆணையைச் சொல்லு, வா!"

அப்போது டாயாங்கின் கையிலிருந்த கைப்பேசி சிணுங்கியது.

ஆற்றுக்காரி. இந்த நிமிடம் எழுதியிருக்கிறாள்.

டாயாங் ரொசீத்தாவின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மாவுக்குள் புதைந்திருந்தன.

கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

'அந்தப் பொண்ணைத் திட்டாதேம்மா. பூனையைத் தவிர நான் எழுதினது அத்தனையும் பொய், உன் கேக்கில ஒரு குறையும் இல்ல. ஆர்டர் பெருகினதிலிருந்து வாசல்லயே பெட்டியைக் கையில குடுத்து அனுப்பிடுறே. எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் என்னை உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சே.'