சம்பந்தியின் சக்கரத்தடியில் கரிசலாங்கண்ணி

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினால், காரின் முன்சக்கரத்தை ஒட்டி ஒரு கரிசலாங்கண்ணி சட்டைப் பொத்தானளவு வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. நாட்டுப்பூ பூத்துவிட்டால் விதை உதிரும்வரை பக்கத்து வண்டி நகரக் கூடாது, வண்டிக்காரர்தான் காவல். சட்டம் அப்படி.

பிறகென்ன, மொத்தக் குடும்பமும் பெண்ணின் அம்மா அலமேலு வீட்டிலேயே டேரா போட்டது. தெருவே பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பையன் நன்மாறன் இரண்டாம் நாளே பெண்ணோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அவன் அம்மா ராஜாமணிதான் நாலு வேளையும் நன்றாகச் சாப்பிட்டாளே தவிர, சம்மதமா இல்லையா என்று மூச்சு விடவில்லை.

பதினெட்டாம் நாள் விதை உதிர்ந்தது. "அப்ப கிளம்புறீங்களா, அண்ணி?" என்று அலமேலு ஈனசுரத்தில் கேட்டாள்.

"எங்க கிளம்புறது? பின்சக்கரத்துக்கிட்ட இன்னொண்ணு பூத்து நிக்குதே, பார்க்கலையா சம்பந்தி?" என்றாள் ராஜாமணி, கையை முந்தானையில் துடைத்தபடி.

துடைத்தும் அவள் நகக்கண்ணில் ஈரமண் இருந்தது. அலமேலு சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, கேசரிக்கு ரவையை வறுக்கும்போதுதான் இன்னும் பதினெட்டு நாள் என்பது அவளுக்கு உறைத்தது.